சிவப்புத் தரைக்குக் கீழே

நான் என் நாத்தனாரைக் கொன்று வீட்டுக்குள்ளேயே புதைத்துவிட்டேன் என்ற செய்தி என் காதுக்கு வந்தபோது, நான் குழாயடியில் மூன்றாவது குடத்தை வைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பிறகு கடைசியாகத்தான் எனக்குத் தெரிந்தது. கொலை செய்தவளுக்கு முதலில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எனக்கு வந்த கோபத்தில் குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

என் பெயர் மாரித்தாய். சிவகாசிப் பக்கம் வெள்ளூரணிப்பட்டியில் இருக்கிறேன். பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிற வேலை. சின்ன வெடிகளின் திரிகளை நூலோடு சேர்த்துச் சடை பின்னுவதுபோலப் பின்னிக்கொண்டே போனால் அது சரவெடி. என் வீட்டுக்காரர் சங்கிலிமுத்து அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை மாதிரி இருந்தது அவருடைய தங்கை சொர்ணலட்சுமிதான். நான் வாக்கப்பட்டு வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்குப் பேன் பார்த்ததும் நான்தான், பிறகு கம்பெனிக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்ததும் நான்தான்.

அவள் பீச்சாங்கைக்காரி. இடது கையால்தான் பின்னுவாள். எல்லோருடைய சரமும் ஒரு பக்கம் திருகினால் அவளுடையது மறுபக்கம் திருகும். எதிரெதிரே உட்கார்ந்தால் அவள் சரமும் என் சரமும் சிக்கிக்கொள்ளும். இருபது வருஷமாக எங்கள் சண்டை அங்கே தொடங்கி அடுப்படியில் வந்து முடியும். நாங்கள் சத்தம் போடாத நாளில் பக்கத்து வீட்டார் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள்.

இனி தரை. வீட்டுக்கு ஒரு சிவப்புத் தரை போட வேண்டும் என்று ஏழு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊரெல்லாம் போட்டாகிவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் சாணி மெழுகிய மண் தரை. காலையிலிருந்து வெடிமருந்துத் தூளில் உட்கார்ந்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டுக்குள் வந்ததும் குளுகுளுவென்று ஒரு தரையில் காலை நீட்ட வேண்டும் என்று ஆசை இருக்காதா? இரண்டாயிரத்து நாலாம் வருஷம் ஆவணி மாதம் அந்த ஆசை நிறைவேறியது. ஆலங்குளம் சிமெண்டு வந்தது, சிவப்புப் பவுடர் வந்தது, கொத்தனார் ஊர்க்காவலனும் ஒரு புதன்கிழமை காலையில் கரண்டியோடு வந்தார். அறை இன்றைக்கு, அம்மி கிடக்கிற சமையல் மூலை நாளைக்கு என்று பேச்சு.

அதற்கு முந்தின நாள்தான் சொர்ணம் வாயைத் திறந்திருந்தாள். ஒருத்தர் இருக்கிறார், பெண்டாட்டி இறந்து நாலு வருஷம் ஆகிறது, நல்ல மனுஷன், கட்டிக்கொள்கிறேன் என்றாள். என் வீட்டுக்காரர் அந்த ஆளின் பெயரைக்கூடச் சொல்ல விடவில்லை.

"ரெண்டாந்தாரமா வாக்கப்படவா உன்ன இம்புட்டு வருசம் வளத்தோம்?" என்று கத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கும் முப்பத்திரண்டு வயது. ஆனால் நான் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இந்தக் கதையில் நான் செய்த குற்றம் என்றால் அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் சொர்ணம் அந்தக் கோபத்தில் யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்து, அப்போதுதான் இழைத்துவிட்ட தரையில் கச்சிதமாக ஒரு காலைப் பதித்தாள். ஏழு வருஷத் தரை! எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது.

"இன்னொருக்க இந்தத் தரையில கால வச்சே, வெட்டி இங்கனயே பொதச்சிருவேன்!" என்றேன்.

எதிர்வீட்டு மாடத்திக்கு அது துல்லியமாகக் கேட்டது. அவளுக்குக் காது அப்படி.

மத்தியானம் நான் தண்ணீர் எடுத்துவிட்டு வந்தபோது சொர்ணத்தைக் காணோம். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு கம்பெனிக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். ஐந்து மணிக்கு ஊர்க்காவலன் கையைக் கழுவினார். "நாளைக்கு முகூர்த்தம், மச்சினன் வீட்டுக் கல்யாணம். மூலையை மறுநா வந்து பூசுதேன்" என்றார். முக்கால் வீடு சிவப்பாகவும் ஒரு மூலை மண்ணாகவும் இருப்பதை ஒரு ராத்திரிகூட என்னால் பார்க்க முடியாது. அவர் போனதும் மிச்சக் கலவையை எடுத்து அம்மி மூலையை நானே பூசினேன். அங்கே சுவர் ஓரத்தில் ஒரு பொந்து உண்டு. என் தீப்பெட்டியும் நூல்கண்டும் அதில்தான் கிடக்கும். காலையிலேயே அதைக் காலி செய்திருந்தேன். அதற்குள்ளும் நாலு கல்லைத் திணித்து, மேலே பூசி, பளபளவென்று இழைத்துவிட்டேன். கொத்தனார்கூட அப்படிப் பூச மாட்டார்.

பிறகு கையையும் சேலையையும் அலச தெருக்குழாய்க்குப் போனேன். தண்ணீர் சிவப்பாக ஓடியது.

"என்ன மாரி, இம்புட்டு செவப்பு?" என்றாள் மாடத்தி.

"அம்புட்டும் அந்தச் சொர்ணத்தால வந்தது" என்றேன். அவள் கால் வைத்த இடத்தை மறுபடி இழைக்க வேண்டியதாகிவிட்டதே, அந்த எரிச்சலில் சொன்னது. இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது மாடத்தி சிரிக்கவில்லை.

சொர்ணம் அன்றைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. தெரிந்த வீடுகளில் எல்லாம் கேட்டோம். மூன்றாவது நாள் என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார். நாலாவது நாள் ஊர் கேஸை முடித்துவிட்டது. குழாயடியில் எனக்குச் செய்தி கிடைத்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் அது என் தலையிலேயே வந்து விழுந்தது. அவளுடைய இரண்டு சேலையைக் காணோம், எடுத்துக்கொண்டு எங்கோ போயிருக்கிறாள் என்றேன். "அதையும் சேத்துப் பொதச்சிருக்கா" என்றார்கள். ஒருத்தரைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னாளே, அவரைத் தேடுங்கள் என்றேன். பெயர் என்ன என்றார்கள். பெயர் தெரியாது. "பேரில்லாத மாப்பிள்ளையாம்!" என்றார்கள். புதுத் தரை விரிசல் விடாமலிருக்க ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும். நான் தினமும் தண்ணீர் விட்டேன். "ரத்தம் போக மாட்டேங்குது போல" என்றார்கள். தரையில் எச்சம் போடுகிறதே என்று கோழியை விரட்டினேன். "கோழிகூட அந்த மூலைக்குப் போக மாட்டேங்குது பாத்தியளா?" என்றாள் மாடத்தி. முதல் வாரம் எனக்கு அழுகை வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்றார்கள். ஒன்பதாம் நாள் அவளுடைய சீப்பைப் பார்த்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இப்போது நடிக்கிறாள் என்றார்கள்.

ஸ்டேஷனுக்குப் பல தடவை கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். எஸ்.ஐ. படித்தவர், சாந்தமாகத்தான் பேசுவார்.

"உடல் கிடைக்கலேன்னா தப்பிச்சிரலாம்னு நினைக்காதம்மா. உடல் இல்லாமலே தண்டனை ஆன கேஸ் எத்தனையோ இருக்கு."

"சார், உடல் இல்லேன்னா அந்த உடல் எந்திரிச்சு நடந்து போயிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

அவர் ஏட்டைத் திரும்பிப் பார்த்தார். "எவ்வளவு விவரமா பேசுது பாத்தீங்களா?" என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தனை பேரில் ஒருத்தர்கூடச் சொர்ணத்தைத் தேடவில்லை. பஸ் ஸ்டாண்டில் கேட்கவில்லை, அவள் படத்தைப் போட்டு ஒரு நோட்டீஸ் ஒட்டவில்லை. ஊர் ஊருக்கு நோட்டீஸ் அச்சடித்துக் கொடுக்கிற சிவகாசியில் ஒரு நோட்டீஸ் இல்லை! இருக்கிற இடம்தான் தெரியுமே, என் அம்மிக்குக் கீழே, பிறகு எதற்குத் தேட வேண்டும்? தரையைத் தோண்டத் தாசில்தார் நேரில் வர வேண்டுமாம். அவருக்கு வாக்காளர் பட்டியல் வேலை முடியவில்லை. அதனால்தான் என் தரை அத்தனை நாள் தப்பியது.

ஊர் பேசியதை எல்லாம் நான் வாயால் சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாதது ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் அந்தத் தரையில் கால் வைப்பதை நிறுத்திவிட்டார்.

ஐந்தாம் நாள் கட்டிலைத் தூக்கி வேப்பமரத்தடியில் போட்டார். சோற்றை வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். உள்சுவர் ஆணியில் தொங்குகிற சட்டை வேண்டுமென்றால், "அதை எடு" என்று வெளியே நின்றே கை நீட்டுவார். அவர் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் தங்கை அதற்குக் கீழே படுத்திருக்கிறாள் என்று நினைக்கிற மனுஷன் மிதிக்கிறபடிதான் அந்தப் படியை மிதித்தார்.

ஒருநாள் விடியற்காலையில் கடப்பாரையோடு வாசலில் நின்றார்.

"மாரி, நீ ஒன்னும் சொல்ல வேணாம். அந்த மூலையை மட்டும் ஒருக்கப் பாத்துக்கிடுதேன்."

இருபது வருஷம் ஒரே வட்டிலில் சாப்பிட்ட மனுஷன்.

"பாருங்க. தாராளமா ஒடைங்க" என்றேன். "ஆனா ஒடச்சுப் பாத்து அங்கன ஒன்னுமில்லேன்னு ஆன பெறகு என் மூஞ்சிய எப்படிப் பாப்பீக? அதை மட்டும் ரோசிச்சுக்கிட்டு ஒடைங்க. நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன், திரும்பி வரமாட்டேன்."

அவர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதை எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அது அங்கேயே சாய்ந்து நின்றது, நானும் தினம் அதைப் பார்த்துக்கொண்டேதான் கோலம் போட்டேன்.

கம்பெனியில் பின்னுகிற ஷெட்டில் எனக்கு எதிரே உட்கார யாரும் வரவில்லை. சரம் பின்ன எதிரே ஒருத்தி வேண்டும். கொலைகாரிக்கு எதிரே யார் உட்காருவார்? போர்மேன் செல்வமணி அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டு, "நீ பேக்கிங்குக்குப் போயிரு தாயீ" என்றார். கிளைகளில் பின்னி வருகிற சரத்தைச் சுருட்டி லேபிள் காகிதத்தில் பொதிகிற வேலை. அங்கேயும் எனக்கென்று தனி மூலை. நான் எதைத் தொட்டாலும் மற்றவர்கள் அதைத் தொடுவதில்லை. போகட்டும், இடம் தாராளமாக இருக்கிறது என்று உட்கார்ந்துகொண்டேன்.

இப்படியே முப்பத்தாறாவது நாள் வந்தது. புதன்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்குத் தாசில்தார் வருகிறார், தரையைத் தோண்டப் போகிறார்கள், வீட்டில் இரு என்று ஏட்டு சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாலு மணிக்குத்தானே என்று நான் வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் உட்கார்ந்து கடப்பாரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது மேல்.

பத்து மணி இருக்கும். ஒரு சரத்தை எடுத்துச் சுருட்டினேன். அது சுருளவில்லை. வலப்பக்கம் சுருட்டினால் இடப்பக்கம் திமிறிக்கொண்டு விரிந்தது. இன்னொரு தடவை அழுத்திச் சுருட்டினேன். மறுபடி விரிந்தது. "சனியனே, ஒன்னோட இருபது வருசமா இதே..." என்று வழக்கமாகத் திட்டுவதைத் திட்ட ஆரம்பித்துவிட்டு, பாதியில் நிறுத்தினேன்.

சரத்தை விரித்துப்போட்டு எண்ணினேன். ஐம்பதாவது வெடிக்குப் பிறகு ஒரு சின்ன முடிச்சு. நூறாவதுக்குப் பிறகு இன்னொன்று. சொர்ணத்துக்கு எண்ணிக்கை நிற்காது. ஐம்பதுக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள் என்று சின்ன வயதில் நான்தான் சொல்லியிருந்தேன். அந்த முடிச்சு அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிப்பு நிற்கவே இல்லை. கொலைகாரி தானாகச் சிரிப்பதைப் பார்த்து இரண்டு பெண்கள் எழுந்து வெளியே ஓடினார்கள். நான் சரத்தைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் ஓடினேன். அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

"அண்ணாச்சி! சொர்ணம் உசுரோட இருக்கா! இந்தா பாருங்க!"

செல்வமணி அண்ணாச்சி சரத்தைப் பார்த்தார். "பழைய சரக்கா இருக்கும், தாயீ. அவ இருக்கையில பின்னுனதா இருக்கும்."

"நூலைப் பாருங்க அண்ணாச்சி. மஞ்சள். வெள்ளை நூல் தீந்து நம்ம கம்பெனிக்கு மஞ்ச நூல் வந்தது எப்ப?"

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மாறியது. "பொரட்டாசி பொறந்துல்ல வந்தது."

"அவ போனது ஆவணியில. செத்தவ எந்திரிச்சு வந்து மஞ்ச நூல்ல பின்னுவாளா?"

அண்ணாச்சி கட்டோடு வந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார். அச்சங்குளம் கிளை. சாத்தூர்ப் பக்கம், ஒரு மணி நேரத் தூரம். தீபாவளி சீசனில் கை கிடைத்தால் போதும் என்று ஆள் எடுப்பார்கள், யார் என்ன என்று ரொம்ப விசாரிப்பதில்லை. அவர் உடனே கம்பெனி ஜீப்பை எடுத்தார். வழியெல்லாம் அந்தச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன், சிரித்தேன், மறுபடி அழுதேன். அண்ணாச்சி மட்டும், "நானும் உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன் தாயீ" என்றார். அத்தனை நாளில் அப்படி வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அச்சங்குளம் ஷெட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் முழங்கை மட்டும் தப்பான பக்கம் ஆடியது. என் பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கிறாள், தலையில் பூகூட வைத்திருக்கிறாள்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி பின்ன ஆரம்பித்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்? முப்பத்தாறு நாளு. எண்ணிக்கிட்டுத்தான இருக்கேன்."

"எண்ணத் தெரிஞ்சவளா நீ? அம்பதுக்கு ஒரு முடிச்சுப் போடுதவ!"

"அண்ணன் வரலையா? எனக்குத் தெரியும். வரமாட்டாக. நான் செத்தாலும் கவலைப்படமாட்டீக."

எனக்கு வந்ததே கோபம். "அடியே! சொல்லாமக் கொள்ளாமப் போனவ நீயி, கேள்வி என்னையா கேக்க?"

"சொல்லாமப் போனேனா? கடுதாசி எழுதி வச்சிட்டுத்தான வந்தேன்!"

"எந்தக் கடுதாசி?"

"உங்க பொந்துலதான். அம்மிக்குப் பின்னால. தெனமும் தீப்பெட்டிக்குக் கைய விடுவீகளே, அங்கன வச்சா உடனே பாப்பீகன்னு வச்சேன். மூலையை நாளைக்குத்தான் பூசுவேன்னு கொத்தனார் சொன்னாரே!"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாலு கல். என் கையாலேயே திணித்த நாலு கல்.

"கொத்தனார் பூசல" என்றேன். "நான்தான் அன்னைக்கே பூசிட்டேன்."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். முதலில் அவளுக்குத்தான் உதடு துடித்தது. பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், மருந்துக்குப் பக்கத்தில் ஆடாதீர்கள் என்று அண்ணாச்சி எங்களை வெளியே ஒரு மரத்தடிக்குத் துரத்தினார். அங்கே போய்க் கட்டிக்கொண்டு அழுதோம். கடிதத்தில் அவள், அண்ணன் மனசு மாறினால் அச்சங்குளத்துக்கு வந்து கூப்பிடட்டும், வந்தால் உங்கள் கையால் கல்யாணம், வராவிட்டால் நான் உங்களுக்கு வேண்டாம் என்று எடுத்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தாளாம். அந்த ஆளின் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு, ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், பைத்தியக்காரி.

"சரி, எந்திரி. வீட்டுக்குப் போவோம். நீ செத்து முப்பத்தாறு நாளாச்சு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டாள்.

"நீங்க என்னைக் கொன்னீகளா? எத வச்சு?"

"நாலு விதமாச் சொல்லுதாக. அருவாமனைன்னு மாடத்தி சொல்லுதா."

"அருவாமனையா?" சொர்ணத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அது மொட்டையால்ல கிடக்கு! வெண்டைக்காயே வெட்டாதே மதினி!"

அண்ணாச்சி ஜீப்போடு கம்பெனிக்குத் திரும்பிவிட, லோடு போன வேன் வரும்வரை நாங்கள் காத்திருந்ததில் வீட்டுக்கு வரும்போது மணி நாலேகால். எங்களைக் கூட்டிவந்தது அந்தப் பெயரில்லாத மாப்பிள்ளையின் லோடு வேன். அவருக்குப் பெயர் இருந்தது, காளீஸ்வரன். அண்ணனுக்குப் பயந்து ஒரு மாதமாக எங்கள் ஊர்ப் பக்கமே வராதவர், வழி முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கவே பயந்துகொண்டு ஓட்டினார்.

வாசலில் திருவிழாக் கூட்டம். தாசில்தாருக்கு நாற்காலி போட்டிருந்தது. கடப்பாரையோடு இரண்டு ஆட்கள். மாடத்தி நல்ல இடமாகப் பார்த்து முன்னாலேயே நின்றாள். என் வீட்டுக்காரர் வேப்பமரத்தடியில் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் எஸ்.ஐ. எழுந்துவிட்டார். "எங்கம்மா ஓடிப்போன?"

"பொணத்தைக் கூட்டியாறப் போனேன் சார். இந்தா எறங்குது."

சொர்ணம் வேனிலிருந்து இறங்கினாள். மாடத்தி போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கா எல்லாம் பறந்தது. கூட்டம் பின்வாங்கியது. எஸ்.ஐ.க்கு விட மனசு வரவில்லை. முப்பத்தாறு நாளாக எழுதிய கேஸ்.

"நீதான் சொர்ணலட்சுமிங்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்.

சொர்ணம் இடுப்பில் கையை வைத்தாள். "மாடத்தி மதினி! ஆடி மாசம் கொழுக்கட்டை அவிக்கன்னு வாங்கிட்டுப் போன இட்டிலிக் கொப்பரையை எங்க? நான் செத்துட்டேன்னு அப்படியே அமுக்கிட்டீகளா?"

கூட்டம் ஓவென்று சிரித்தது. "சொர்ணமேதான் சார்!" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சாட்சி சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் வந்து அவள் தலையைத் தொட்டார், தோளைத் தொட்டார், பிறகு சின்னப் பிள்ளைபோல ஏங்கி ஏங்கி அழுதார். வேனுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற காளீஸ்வரனைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

"ஏலே, நீயா? லோடுக்கு வாறவன்ல நீ! இவன்தான் அந்த ஆளுன்னு அன்னைக்கே சொன்னா என்ன? நல்ல பயலாச்சே!"

"நீங்க எங்கண்ணே சொல்ல விட்டீக?" என்றாள் சொர்ணம்.

என் வீட்டுக்காரர் எல்லோரையும் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

அப்போதுதான் கடிதப் பேச்சு வந்தது. சொர்ணம் எல்லோர் முன்னாலும் சொன்னாள். "மதினி மேல எனக்குக் கோவம் இல்ல, அவுக வாயி மட்டும்தான் அப்படி, தரை காஞ்சதும் மொத ஆளா நான்தான் வந்து படுப்பேன்னு எழுதியிருந்தேன்."

"ஆமா, எழுதுனா" என்று மாடத்தி இழுத்தாள். "கடுதாசியை ஆரு கண்டா?"

தாசில்தாரும் தலையாட்டினார். "அந்த லெட்டரும் இருந்தா ஃபைலை முடிக்க வசதி. கடப்பாரையும் இருக்கு, ஆளும் இருக்கு. ஒரு மூலைதானே?"

சுவரில் சாய்ந்து நின்ற கடப்பாரையை என் வீட்டுக்காரர் கையில் எடுத்தார். அத்தனை நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார். "எடுத்துப் பாத்திருவமா மாரி? உன்னைப் பத்தி எழுதியிருக்காள்ல. ஊரும் படிக்கட்டும்."

நான் வாசற்படியில் ஏறிக் குறுக்கே நின்றேன். எனக்குக் கோபம் இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

"வேணாம். பொணத்தைப் பாக்காமலே இருக்குன்னு நம்புனீக. கடுதாசியையும் பாக்காமலே நம்புங்க."

தாசில்தார்தான் முதலில் எழுந்தார். "எழுதிக்கங்க, நபர் நேரில் ஆஜர்" என்று சொல்லிவிட்டு, சிரித்தபடி ஜீப்பில் ஏறிவிட்டார். எஸ்.ஐ. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. மாடத்தி மட்டும் ஓட்டமாகப் போய் இட்டிலிக் கொப்பரையைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனாள். அதைத் துலக்கிக்கூட வைத்திருந்தாள்.

சொர்ணம் வாளித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு நேரே உள்ளே போய், நடுத் தரையில் மல்லாக்கப் படுத்துவிட்டாள். காளீஸ்வரன் சுவரோரமாகக் கூச்சத்தோடு உட்கார்ந்தார். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். வாசல் பக்கம் திரும்பவில்லை, ஓரக்கண்ணால்தான் பார்த்தேன். திரும்பினால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

கடப்பாரையைக் கீழே போடுகிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் ஊற்றுகிற சத்தம். என் வீட்டுக்காரர் ஒரு காலைக் கழுவினார், இன்னொரு காலைக் கழுவினார், மறுபடி முதல் காலையே கழுவினார். வெகுநேரம் கழுவினார். படியில் நின்றார். பிறகு உள்ளே வந்தார். ஓரமாக நடக்காமல், நடுத் தரையில் ஈரக்கால் பதியப் பதிய நடந்து, அம்மி மூலைக்கு வந்து, கடிதம் கிடக்கிற இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையையும் தரையில் வைத்தார்.

"மாரி" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. "தரை நல்லா குளுந்து இருக்கு."

"அதைத்தான ஏழு வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றேன். என் வயிறு குளிர்ந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு முதலில் சோற்றைப் போட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் வட்டிலை அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன்.